ஆங்கில வாக்கியத்தின் அமைப்பைக் கண்டவர்கள்

தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களிற் சென்று வாழும் தமிழர், அலுவலகத்திலும் வங்கியிலும் வாணிகத்திலும் எழுத்து வேலைக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தையே துணைக்கொள்கின்றனர். விண்ணப்பம், குறிப்பு, அறிக்கை, விடுமுறைக் கடிதம் ஆகியவற்றில் அரிய சொற்கள் மிகுதியாக வருவதில்லை. எனினும் எழுதுவோர் கை தயங்கும் இடங்கள் சில உண்டு. 'எக்ஸ்பிளெயின்' என்ற வினைக்குப் பின் 'டு' வர வேண்டுமா? 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபவுட்' வரலாமா? பள்ளியில் ஆண்டுக்கணக்கில் இலக்கணம் பயின்றும் இத்தகைய ஐயங்கள் நீங்காமைக்குக் காரணம் யாது? அதனை அறிய, ஆங்கில மொழியின் வரலாற்றையும், அதன் இலக்கணம் எழுதப்பட்ட வரலாற்றையும் சிறிது காணுதல் வேண்டும்.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஆங்கிலம், நம் தமிழைப் போலவே வேற்றுமையைச் சொல்லின் ஈற்றிலே காட்டியது. கல் என்னும் பொருளுடைய 'ஸ்டான்' என்ற சொல், 'கல்லினது' என்னுமிடத்து 'ஸ்டானெஸ்' என்றும், 'கல்லுக்கு' என்னுமிடத்து 'ஸ்டானெ' என்றும், 'கற்களுக்கு' என்னுமிடத்து 'ஸ்டானும்' என்றும் திரிந்தது. 'இராமன் கண்ணனைக் கண்டான்' என்பதைக் 'கண்ணனை இராமன் கண்டான்' என்று மாற்றினாலும் நமக்குப் பொருள் மாறுவதில்லை. 'ஐ' என்னும் உருபு அதற்குக் காவல் நிற்கிறது. பழைய ஆங்கிலத்திலும் இவ்வுரிமை ஓரளவு இருந்தது. பின்னர், சொல்லின் ஈற்றசை மெலிந்தமையாலும், ஒன்பதாம் நூற்றாண்டு முதல் வந்து குடியேறிய டேனியரோடு ஏற்பட்ட கலப்பாலும், 1066-இல் நார்மானியர் வென்றபின் அம்மொழி அரசவையில் இடமிழந்தமையாலும், அவ்வீறுகள் படிப்படியாக மறைந்தன. அவை செய்த வேலையை இரண்டு ஏற்றுக்கொண்டன. ஒன்று, எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் நிலைத்த வரிசை. மற்றொன்று, 'ஆஃப்', 'டு', 'பை', 'வித்' போன்ற சிறு சொற்கள்.

மொழி இவ்வாறு மாறிய பின்னும், அதற்கு இலக்கணம் வகுத்தோர் இலத்தீன் இலக்கணத்தின் வகைப்பாடுகளையே பெரிதும் பின்பற்றினர். ராபர்ட் லோத் 1762-இலும், லிண்ட்லி மர்ரே 1795-இலும் வெளியிட்ட நூல்கள் இவற்றுட் புகழ் பெற்றவை. அவ்வழியில் வந்த இலக்கணமே இந்தியப் பள்ளிகளிலும் புகுந்தது. நெஸ்ஃபீல்டு எழுதிய நூல்களைத் தலைமுறை தலைமுறையாக நம் மாணவர் பயின்றனர். சொல்லை எட்டு வகையாகப் பிரிக்கவும், வேற்றுமை பெயரிட்டுச் சொல்லவும் அவர்கள் வல்லவராயினர். ஆனால், எந்த வினை எத்தகைய சொற்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் என்பதை ஒழுங்குபடக் கற்பிக்க அம்முறை போதவில்லை. 'ஐ வான்ட் ஹிம் டு கோ' என்பது சரியான வாக்கியம்; 'ஐ சஜஸ்ட் ஹிம் டு கோ' என்பது பிழை. 'வான்ட்', 'சஜஸ்ட்' இரண்டும் வினைச்சொற்களே. இரண்டும் செயப்படுபொருள் ஏற்பவையே. பின், ஒன்று சரியாகவும் மற்றொன்று பிழையாகவும் இருப்பது ஏன்? பழைய நூல்களிலே இதற்கு விடை தேடுவது கடினம்.

ஆங்கிலேயருக்கு இக்குறை எளிதிற் புலப்படவில்லை. தாய்மொழியாதலின், வாக்கியம் அவர்கள் நாவில் தானே அமைந்தது. பிறமொழியாளர்க்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றவர்களே இதனை நன்கு உணர்ந்தனர். அவருள் ஒருவர் மைக்கேல் வெஸ்ட். டாக்கா நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தலைவராயிருந்த அவர், வங்காள மாணவரின் இடர்ப்பாட்டை ஆராய்ந்து 1926-இல் நூல் எழுதினார். 1935-இல் அவர் எண்டிகாட் என்பாருடன் வெளியிட்ட அகராதி, சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. அன்றாடத் தேவைக்குரிய சுமார் 2,000 சொற்களின் பட்டியலை 1953-இல் அவர் பதிப்பித்தார்.

மற்றொருவர் ஹெரால்ட் பாமர். 1922-இல் ஜப்பானியக் கல்வி அமைச்சின் மொழி ஆலோசகராகச் சென்ற அவர், மறு ஆண்டு டோக்கியோவில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைபற்றி ஆராயும் கழகம் ஒன்றை நிறுவினார். 1924-இல் ஜப்பானுக்கு ஆசிரியராகச் சென்ற ஹார்ன்பி அப்பணியைத் தொடர்ந்தார். கேட்டன்பி, வேக்ஃபீல்டு இருவருடன் அவர் தொகுத்த அகராதி, போர் நடந்துகொண்டிருந்த 1942-இல் டோக்கியோவில் வெளியாயிற்று. ஆங்கில வினைகள் அமையும் வாக்கியங்களை 25 அமைப்புகளாக வகுத்து, எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்பதை அது எண்ணால் குறித்துக் காட்டியது. ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் 1948-இல் அதனை மறுபதிப்புச் செய்தது. உலகெங்கும் மாணவர் கையில் விளங்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலம் இதுவே.

அமெரிக்காவில் சார்லஸ் ஃப்ரீஸ் வேறு வழியில் இவ்வுண்மையை நாடினார். சாதாரண மக்கள் எழுதும் ஆங்கிலத்தைக் காண வேண்டி, பொதுமக்கள் அரசாங்கத்துக்கு எழுதிய சுமார் 3,000 கடிதங்களை ஆராய்ந்து 1940-இல் நூல் வெளியிட்டார். கல்வி குறைந்தோரின் எழுத்தைக் கற்றோரின் எழுத்தினின்று பிரிப்பது பிழைகளின் மிகுதி மட்டுமன்று; மொழியின் வளங்களுட் சிலவற்றையே திரும்பத் திரும்பக் கையாளும் வறுமையும் ஆகும் என்பது அவர் கண்ட முடிவு. தொலைபேசி உரையாடல்களை ஆராய்ந்து 1952-இல் அவர் எழுதிய நூல், 154 சிறு சொற்கள் பேச்சில் மூன்றில் ஒரு பங்காய் அமைவதைக் காட்டிற்று. தனித்து நில்லாது பிற சொற்களைச் சார்ந்து பொருள் தரும் சொற்களுக்குத் தொல்காப்பியர் 'இடையியல்' என்று தனி இயலே வகுத்திருப்பதை அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பின்னர்க் கணிப்பொறி வந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குச்செராவும் ஃபிரான்சிஸும், 1961-இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து 500 பகுதிகளைத் தேர்ந்து, பத்து லட்சம் சொற்களைத் தொகுத்தனர். 1967-இல் வெளியான அவர்தம் கணக்கின்படி, 'தி' என்னும் ஒரு சொல் மட்டும் சுமார் 70,000 முறை வருகிறது. 'தி', 'ஆஃப்', 'அண்ட்' ஆகிய மூன்றும் சேர்ந்து நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு. சுமார் 135 சொற்களே தொகுப்பில் பாதி. இந்தியர் எழுதும் ஆங்கிலத்துக்கும் 1978-ஆம் ஆண்டின் எழுத்துகளைக் கொண்டு, கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் சாஸ்திரி என்னும் பேராசிரியர் அதே அளவில் ஒரு தொகுப்பு உருவாக்கினார்.

நம் நாட்டுக் கல்வியிலும் இவ்வாராய்ச்சியின் பயன் விளைந்தது. 1958-இல் ஐதராபாத்தில் ஆங்கிலத்துக்கென மத்திய நிறுவனம் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு முதல் சென்னை மாநிலத்தில் ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு வாக்கிய அமைப்பு முறையில் பயிற்சி அளிக்கப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு ஓர் ஆறுதலும் ஒரு வழியும் தருகிறது. 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுபவரை அறிவில்லாதவர் என்று நகைப்போர் உளர். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்னும் தமிழ் வாக்கியத்தின் 'பற்றி' என்ற சொல்லே அங்கு 'அபவுட்' என்று வெளிப்படுகிறது. அவர் அறிவில் குறையில்லை. தாய்மொழியின் அமைப்பு பிறமொழியினுள் தலைகாட்டுகிறது, அவ்வளவே. இதனைத் திருத்த விரும்புவோர், புதிய வினை ஒன்றைக் கற்கும்போது அதன் பொருளை மட்டும் குறிக்காமல், அது வரும் முழு வாக்கியத்தையும் எழுதிப் பழகுதல் நன்று.

வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பதற்கும் இதுவே துணை. இந்தியில் 'கோ' என்னும் ஒரு சொல், நம் 'ஐ', 'கு' ஆகிய இரண்டு உருபுகளின் வேலையையும் செய்கிறது. இறந்தகாலத்தில் எழுவாயோடு வரும் 'நே' என்பதற்கு நம்மிடம் இணையே இல்லை. வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும்போதும், 'மரம், வீடு, யானை' என்று சொற்பட்டியல் ஒப்புவிக்கச் செய்வதோடு அமையாமல், 'மரத்தில் ஏறினேன்', 'வீட்டுக்குப் போனேன்', 'யானையைப் பார்த்தேன்' என்று வாக்கியங்களாகவே சொல்லிக் கொடுத்தால், உருபுகள் அவர்கள் நாவில் தாமே அமையும்.