செத்த காலேஜ், கொட்டகை, காபி கிளப்

காணும் பொங்கலன்று சென்னைக்காரர்கள் வீடு தங்குவதில்லை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு மெரினாவுக்கும் வண்டலூருக்கும் மாமல்லபுரத்துக்கும் கிளம்பிவிடுகிறார்கள். திருவிழா இல்லை, கல்யாணம் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை. சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று குடும்பமே புறப்படுகிற இந்தப் பழக்கம் சென்னையில் பரவியதில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த அருங்காட்சியகம் 1851-ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியது. 1854-ல் எழும்பூரில் பாந்தியன் என்று அழைக்கப்பட்ட வளாகத்துக்கு இடம் மாறியது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், தொழிலால் மருத்துவர். கல்லும் பாறைத் துண்டும் பார்க்க வருகிறவர்களைவிட, வளாகத்தில் கட்டி வைத்திருந்த உயிருள்ள காட்டு விலங்குகளைப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம் என்பதை அவர் கவனித்தார். கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளைக் கேட்டு வாங்கி, 1855-ல் அங்கேயே ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். ஓராண்டுக்குள் விலங்குகளின் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது.

கல்லூரியில் பிறந்த காட்சிசாலைக்கு மக்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. விலங்குகள் இருந்த இடம் ‘உயிர் காலேஜ்’. வெளியூரிலிருந்து பட்டணத்துக்கு வரும் உறவினர்களுக்கு இரண்டையும் காட்டாமல் அனுப்புவது மரியாதை இல்லை என்ற எண்ணம் பல தலைமுறைகளுக்கு இருந்தது. மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் முன் வாய்பிளந்து நின்ற குழந்தைகள் எத்தனை ஆயிரம் பேரோ! அமராவதிச் சிற்பங்களையும் சோழர்காலச் செப்புத் திருமேனிகளையும் அவர்கள் பார்த்தது போகிறபோக்கில்தான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தயக்கமில்லாமல் உள்ளே போய்வந்த அரசுக் கட்டடங்கள் அந்தக் காலத்தில் வேறு எத்தனை இருந்தன?

1860-களில் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டன. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, ஆளுநர் டிரெவெல்யன் முயற்சியில் உருவான பரந்த பூங்கா அது. அங்கே நடந்த பொருட்காட்சி ஊரையே இழுத்தது. 1886 டிசம்பர் 31 அன்று பொருட்காட்சியில் பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன எளிய மக்கள்.

1895-ல் மின்சார டிராம் வந்ததும் ஊர்சுற்றுவதற்குக் காலும் சக்கரமும் கிடைத்துவிட்டன. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளில், பூங்காவின் ஓரத்தில் இருந்த விக்டோரியா பப்ளிக் ஹாலில் அசையும் படம் காட்டினார்கள்.

சினிமாவுக்கென்றே கட்டப்பட்ட எலெக்ட்ரிக் தியேட்டரை மவுண்ட் ரோட்டில் 1913-ல் வார்விக் மேஜர் திறந்தார். மறு ஆண்டே ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான முதல் திரையரங்கு அது. ஆனால் படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் என்றால் சாமிக்கண்ணு வின்சென்டைத்தான் சொல்ல வேண்டும். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த அவர், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் அமைந்த சாலை இன்றும் அந்தப் பெயரில்தான் வழங்குகிறது.

டெண்டுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து, முறுக்கும் சோடாவும் வாங்கித் தின்று, ரீல் மாற்றும்போதெல்லாம் கூச்சலிட்ட கூட்டத்தைக் கண்ணியவான்கள் பலர் முகம் சுளித்துப் பார்த்தார்கள். அங்கே நடந்தது சின்ன விஷயமல்ல. சினிமாக் கொட்டகைதான் தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கம் என்றார் ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி. உட்காரும் இடத்தைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு தீர்மானித்தது என்பது அவர் வாதம். தரை, பெஞ்சு, நாற்காலி என்று வேற்றுமை இருந்தது. பெண்களுக்குத் தனிப் பகுதியும் இருந்தது. ஆனாலும் தரை டிக்கெட் வாங்க யாரும் சாதி சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டுக் கடையில் நிலைமை அப்படி இல்லை.

காபி கிளப்புகள் பெருகிய காலத்தில் பல இடங்களில் ‘பிராமணாள்’ என்ற பலகை தொங்கியது. சிலவற்றில் மற்றவர்களுக்குத் தனி அறை. தாழ்த்தப்பட்ட மக்களைப் பல கடைகள் உள்ளேயே விடவில்லை. படம் பார்த்துவிட்டு வெளியே வந்த நான்கு நண்பர்கள் ஒன்றாக ஒரு டம்ளர் காபி குடிக்க முடியாது. கொட்டகை தந்த சமத்துவம் தெருமுனை வரைதான். ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் இந்தப் பிரிவினை 1941-ல் ஒழிந்தது, அதுவும் பெரியாரின் இயக்கம் கிளர்ச்சி செய்த பிறகு. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், உணவகத்திலும் கேளிக்கை இடங்களிலும் தீண்டாமை பார்த்து ஒருவரைத் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. அதன் பிறகும் ‘பிராமணாள்’ பலகை முழுதாக இறங்கவில்லை. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து, பல நூறு பேர் கைதான பிறகுதான் அந்தப் பலகை எடுக்கப்பட்டது. கிராமத்து டீக்கடைகளின் இரட்டைக் குவளை அதற்கும் பிறகு நெடுங்காலம் நீடித்தது.

மற்றவை ஓரளவு தெரிந்த கதைகள். 1951-ல் மவுண்ட் ரோட்டில் வந்த புகாரி, 1965-ல் சிக்கன் 65-ஐத் தந்தது. கதீட்ரல் சாலையில் மரநிழலில் காரை நிறுத்தி, காருக்குள்ளேயே தோசை சாப்பிடலாம் என்று 1962-ல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், 2008-ல் மூடப்பட்டது. அங்கே இப்போது செம்மொழிப் பூங்கா. 1964-ல் எழுந்த சஃபையர் வளாகத்தின் புளூ டயமண்டில் படம் இடைவிடாமல் ஓடும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், வெயில் தாழ்ந்ததும் வெளியே வரலாம். இன்று சஃபையரும் இல்லை, கெயிட்டியும் இல்லை.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் திரையரங்குகளின் பெயர்களையும் தோசையின் ருசியையும் நினைவுகூர்வதோடு நின்றுவிடுகிறார்கள். ஓட்டல் வாசலில் மறியல் செய்து சிறைக்குப் போனவர்களும் இந்த நகரத்தின் பொழுதுபோக்கு வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்கள். இன்று யாரும் எந்த மேசையிலும் உட்கார்ந்து காபி கேட்க முடிகிறதென்றால், அதில் அவர்களின் சிறைவாசமும் இருக்கிறது.

எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில், தபால்தலைப் பிரிவாக இன்னும் நிற்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போக நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று விடுமுறை.