மூட்டையோடு வந்த சாமியார்

திருவண்ணாமலைன்னதும் கார்த்திகை தீபம், பௌர்ணமி கிரிவலம், ரமணாசிரமம்தான் ஞாபகம் வரும். அந்த மலைக் குகைகளில் ஒரு கத்தோலிக்கத் துறவியும் தங்கியிருக்கிறார் தெரியுமோ? ஆன்ரி லெ சோ. பின்னாளில் அபிஷிக்தானந்தர்.

1910-ல் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பிறந்தவர். பெனடிக்ட் சபைத் துறவி. அந்தச் சபையில் யாரும் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. புனித பெனடிக்ட் எழுதிய விதிகளில் 7-ஆம் அதிகாரம் முழுக்கத் தாழ்மை பற்றித்தான். மொத்தம் 12 படிகள்! அதில் பல வருஷம் ஊறியவர் 1948-ல் தமிழ்நாட்டுக்கு வந்தார்.

1949 ஜனவரியில், அதற்கு 10 வருஷம் முன்பே இங்கு வந்துவிட்ட ஜூல்ஸ் மோன்ஷானின் என்ற பிரெஞ்சுப் பாதிரியாருடன் ரமணரைப் பார்க்கப் போகிறார். போனவருக்கு ஏமாற்றம். எதையோ எதிர்பார்த்தார், அது கிடைக்கலை. ஆசிரமத்தில் இருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் புலம்ப, அந்தம்மா நல்லா டோஸ் விட்டிருக்காங்க. ரொம்ப மூட்டை முடிச்சோட வந்திருக்கீங்க, முதல்ல காலி பண்ணிட்டு வாங்க என்கிற அர்த்தத்தில்.

யோசிச்சுப் பாருங்க. சொத்தே இல்லாத துறவிகிட்ட என்ன மூட்டை? "நான் படிச்சவன், எனக்குப் புரிஞ்சாகணும், நான் நினைக்கிற வழியிலேயே கிடைக்கணும்" என்கிற மூட்டைதான். பணத்தை விடறது சுலபமாம், இதை விடறதுதான் கஷ்டம் போல.

காவி கட்டிய பாதிரியார் என்றால் ராபர்ட் தெ நொபிலி ஞாபகம் வரலாம். 1606-ல் மதுரைக்கு வந்தவர், காவி உடுத்தி சைவத்துக்கு மாறினார். ஆனால் அது உயர்சாதியினர் தன் பேச்சைக் கேட்கணும் என்பதற்காக. அதாவது, சொல்லித்தர வந்தவர் போட்ட உடை. லெ சோவும் காவிதான் கட்டினார். ஆனால் மெதுமெதுவாக மாணவன் ஆகிவிட்டார். ரமணர் 1950 ஏப்ரலில் மறைந்த பிறகும், 1952 முதல் சில வருடங்கள் திரும்பத் திரும்ப வந்து அருணாசலக் குகைகளில் மௌனமாகத் தங்கினார். 1955-ல் திருக்கோவிலூர் ஞானானந்தரைச் சந்தித்து, அவர் காலடியிலும் சீடனாக உட்கார்ந்தார். நாற்பது வயது தாண்டிய பாதிரியாருக்கு இது சாதாரண விஷயமில்லை.

சரி, 'ரிசல்ட்' என்ன? இவரும் மோன்ஷானினும் 1950 மார்ச்சில் குளித்தலை அருகே காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமம் தொடங்கினார்கள். ஆள் சேரவே இல்லை. 1957-ல் மோன்ஷானின் இறந்தே போனார். சர்ச்சுக்குள் சந்தேகப் பார்வை, இந்துக்கள் தரப்பில் 'காவி வேஷம்' என்ற விமர்சனம். 1968-ல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி பொறுப்பேற்ற பிறகுதான் ஆசிரமம் வளர்ந்தது. லெ சோ 1973-ல் இந்தூரில் காலமானார். நம்ம ஆபீஸ் அப்ரைசல் கணக்குப்படி இவருக்கு இன்க்ரிமென்ட்டே கிடையாது :-)

பொட்டி தட்டுற நமக்கு வீட்டு லோன், கார், ஆன்சைட் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மூட்டை. பொருளாசை என்றால் இதைத்தான் திட்டுவோம். ஆனால் வருஷா வருஷம் 'என் சாதனைகள்' என்று படிவம் நிரப்பி நிரப்பி, "எனக்குத் தெரியும்" என்பதையும் சொத்தாகச் சேர்த்து வைத்திருக்கிறோமே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? தாழ்மையின் 12 படிகளையும் படித்த மனுஷனுக்கே, அதை இறக்கி வைக்கச் சொல்ல இன்னொருத்தர் தேவைப்பட்டார்.

நமக்கு யார் சொல்லப் போறாங்க? சொன்னா கேட்டுக்குவோமா மக்களே?