சனாதிபதியும் அழைப்பாணையும்

நாட்டின் தலைவர்மீதே குற்றச் சந்தேகம் விழுமாயின் அதனை விசாரிப்பவர் யார்? விசாரிப்பவரை நியமிப்பதும் விலக்குவதும் அத்தலைவரின் கையிலேயே இருக்குமாயின் விசாரணை எங்ஙனம் நடைபெறும்? 1787ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பை வகுத்த பெரியோர் இவ்வினாவுக்கு நேரான விடை எழுதி வைத்தாரல்லர். பிரதிநிதிகள் சபை குற்றஞ்சாட்ட, செனற் சபை விசாரித்துச் சனாதிபதியைப் பதவியினின்றும் நீக்கலாம் என்று விதித்தனர். ஆனால், குற்ற வழக்கொன்றிலே நீதிமன்றம் கேட்கும் சான்றைச் சனாதிபதி தர மறுக்கலாமா என்பதுபற்றி அவர்கள் ஒரு சொல்லும் கூறவில்லை.

அவ்வினா முதன்முதல் எழுந்தது 1807ஆம் ஆண்டில். முன்னாள் உபசனாதிபதி ஆரன் பேர் என்பவர் இராசத்துரோகக் குற்றத்துக்காக வேர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரிலே விசாரிக்கப்பட்டார். படைத்தலைவர் வில்கின்சன் சனாதிபதி ஜெபர்சனுக்கு எழுதிய கடிதமொன்று தமது எதிர்வாதத்துக்கு வேண்டும் என்று அவர் கேட்டார். வழக்கை விசாரித்தவர் பிரதம நீதியரசர் ஜோன் மார்சல். ஜெபர்சனுக்கு அவர் தூரத்து உறவினர். அரசியலிலோ தீராத எதிரி. சனாதிபதி மன்னரல்லர், அவருக்கும் அழைப்பாணை விடுக்கலாம் என்று மார்சல் தீர்த்தார். ஜெபர்சன் நேரில் வரவில்லை. மன்றம் மன்றமாகச் சென்றுகொண்டிருந்தால் நாட்டுப் பணி என்னாவது என்பது அவர் கேள்வி. ஆயினும் கடிதங்களை அரச வழக்கறிஞர்மூலம் அனுப்பிவைத்தார். இருவரும் ஒருவாறு விட்டுக்கொடுத்தமையால், உரிமை யாருக்கு என்பது முற்றாகத் தீராமலே 167 ஆண்டுகள் கழிந்தன.

1972ஆம் ஆண்டு யூன் 17ஆந் திகதி விடியுமுன்னர், வாசிங்டனில் உள்ள வாட்டர்கேற் மாளிகையிலே சனநாயகக் கட்சியின் தலைமைச் செயலகத்துள் புகுந்த ஐவர் கைதாயினர். அவ்வாண்டு நவம்பர் மாதத் தேர்தலில் குடியரசுக் கட்சியினரான சனாதிபதி நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். இத்தனை பெரிய வெற்றி கிட்டவிருந்த ஒருவருக்கு இந்தச் சிறுமையான களவு எதற்கு என்று இன்றும் வரலாற்றாசிரியர் வியப்பதுண்டு. ஆயினும் அவரை வீழ்த்தியது களவன்று. அதனை மறைக்க எடுத்த முயற்சியே.

1973ஆம் ஆண்டு மே மாதத்தில், சட்டமா அதிபர் எலியட் ரிச்சாட்சன், விசேட வழக்குத் தொடுநராக ஆச்சிபோல்ட் கொக்ஸ் என்பவரை நியமித்தார். ஹாவாட் பல்கலைக்கழகத்திலே ரிச்சாட்சனுக்குச் சட்டம் கற்பித்த ஆசிரியர் இவர். பாரதூரமான முறைகேடு கண்டாலன்றிக் கொக்ஸை விலக்குவதில்லை என்று ரிச்சாட்சன் செனற் சபைக்கு வாக்களித்திருந்தார். யூலை 16ஆந் திகதி, வெள்ளை மாளிகையில் நடைபெறும் உரையாடல்கள் யாவும் ஒலிநாடாவிற் பதிவாகின்றன என்ற செய்தி செனற் குழுவின் முன் வெளிவந்தது. கொக்ஸ் உடனே ஒன்பது ஒலிநாடாக்களைக் கேட்டு அழைப்பாணை பெற்றார். நீதிபதி சிறிக்கா, கொடுக்கவேண்டும் என்றார். மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. நிக்சனோ, நாடாக்களுக்குப் பதிலாகச் சுருக்கம் தருவதாகவும், அதனைச் செனற்றர் ஸ்ரென்னிஸ் நாடாக்களுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பார் எனவும் கூறினார். ஸ்ரென்னிஸ் காது சற்று மந்தமான முதியவர் என்பதை நேயர்கள் இங்கே நினைவிற் கொள்ளலாம். கொக்ஸ் இணங்கவில்லை.

ஒக்டோபர் 20, சனிக்கிழமை. கொக்ஸை விலக்குக என்று சனாதிபதியின் கட்டளை வந்தது. ரிச்சாட்சன், செனற் சபைக்குக் கொடுத்த வாக்கை மீறமாட்டேன் என்று பதவி துறந்தார். அவருக்கு அடுத்தவரான ரக்கல்ஷோசும் மறுத்து வெளியேறினார். மூன்றாமவரான மன்றாடியார் நாயகம் றொபேட் போக் விலக்கற் கடிதத்தில் ஒப்பமிட்டார். அன்றிரவே கொக்ஸின் அலுவலகத்துக்கு முத்திரையிடப்பட்டது. நாடெங்கும் இருந்து தந்திகள் மழைபோற் பொழிந்தன. மூன்றாம் நாளே நிக்சன், கேட்ட நாடாக்களைத் தர ஒப்பினார். அவ்வாறு வந்தவற்றுள் ஒன்றிலே பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சலாய் இருந்தது.

அவ்விலக்கல் சட்டவிரோதமானது என்று நவம்பரில் ஒரு நீதிமன்றம் தீர்த்தது. வழக்குத் தொடுநரைக் காக்கும் ஒழுங்குவிதி நடைமுறையில் இருக்கும்வரை அதனை ஆக்கிய அரசாங்கமும் அதற்குக் கட்டுப்பட்டதே என்பது காரணம். இச்சிறு நியாயமே பின்னர் பெருந்தூணாயிற்று.

அடுத்து வந்த லியோன் ஜவோர்ஸ்கியைக் காங்கிரஸ் சபையின் குறித்த சில தலைவர்களின் இணக்கமின்றி விலக்க இயலாதென ஒழுங்கு செய்யப்பட்டது. 1974ஆம் ஆண்டு மார்ச் 1ஆந் திகதி பெரும் யூரர் சபை சனாதிபதியின் முன்னாள் உதவியாளர் உட்பட எழுவர்மீது குற்றஞ்சாட்டியது. வழக்கு நடத்துதற்கு மேலும் 64 உரையாடல்கள் வேண்டும் என்றார் ஜவோர்ஸ்கி. நிக்சன் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் எழுத்துப் பிரதி வெளியிட்டார், நாடாக்களைத் தரவில்லை.

வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தது. சனாதிபதியின் வழக்கறிஞர் சென் கிளேயர் இரண்டு வாதங்களை முன்வைத்தார். வழக்குத் தொடுநர் சனாதிபதியின் கீழுள்ளவர்; இது ஒரே வீட்டிற்குள் நடக்கும் பிணக்கு, மன்றுக்கு இதில் வேலையில்லை என்பது ஒன்று. ஆலோசகர் அச்சமின்றிப் பேசவேண்டுமாயின் இரகசியம் காக்கப்படவேண்டும். எதைக் காப்பதென்பதைச் சனாதிபதியே தீர்மானிப்பார் என்பது மற்றையது.

இரண்டாவது வாதத்தை இலேசாகத் தள்ளிவிடலாகாது. நாளை ஊரெல்லாம் கேட்கும் என்றஞ்சும் அமைச்சன் மன்னனுக்கு உண்மையை உரைப்பானா? மன்றும் இதனை உணர்ந்தது. யூலை 24ஆந் திகதி எட்டு நீதியரசர் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர்; ஒருவர் முன்னரே விலகியிருந்தார். தீர்ப்பை வாசித்த பிரதம நீதியரசர் வோறன் பேகரும், எண்மருள் வேறிருவரும் நிக்சனே நியமித்தவர்கள். இரகசியம் காக்கும் உரிமை உண்டு என்று மன்று ஏற்றது. போர், வெளிநாட்டு உறவு ஆகியவற்றின் இரகசியமாயின் மிக்க மதிப்பு உண்டு என்றது. ஆனால் வெறுமனே பொதுப்பட இரகசியம் என்று சொல்வது, குற்ற வழக்கொன்றுக்குத் தேவையெனக் காட்டப்பட்ட சான்றை மறைக்கப் போதாது. நாடாக்களை நீதிபதி தனியறையிற் கேட்டு, வேண்டியதை மாத்திரம் எடுக்கட்டும். முதலாவது வாதத்துக்கோ, முன்சொன்ன ஒழுங்குவிதியே விடையாயிற்று.

சனாதிபதி கீழ்ப்படிவாரா? மன்றிடம் படையுமில்லை, பணமுமில்லை. அப்பொழுது கலிபோர்னியாவில் இருந்த நிக்சன், சில மணிநேரத்தின் பின் தமது வழக்கறிஞர்மூலம் இணங்கினார். ஓகஸ்ட் 5ஆந் திகதி வெளியான நாடாவொன்று, களவு நடந்த ஆறாம் நாளே, மத்திய உளவுத் தாபனத்தைக் கொண்டு புலனாய்வாளரைத் தடுக்க அவர் உடன்பட்டதைக் காட்டியது. சொந்தக் கட்சியினரும் கைவிட்டனர். 9ஆந் திகதி அவர் பதவி துறந்தார். செப்ரெம்பர் 8ஆந் திகதி புதிய சனாதிபதி போட் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கியமையால், நிக்சன் குற்றவாளிக் கூண்டில் நிற்கவே இல்லை.

ஆதலால் ஒரு வினா தீர, வேறொன்று தீராது நின்றது. பதவியில் உள்ள சனாதிபதிமீது குற்றவழக்குத் தொடரலாகாது என்று 1973இலும் 2000இலும் நீதித் திணைக்களம் கருத்துரைத்தது. 2020இல், மாநில விசாரணையொன்றின் அழைப்பாணைக்கும் சனாதிபதி கட்டுப்பட்டவர் என்றது உயர் நீதிமன்றம். 2024ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதியோ, மூவர் மறுக்க அறுவர் தீர்ப்பால், உத்தியோகச் செயல்கள் பலவற்றுக்காக முன்னாள் சனாதிபதியைத் தண்டிக்க இயலாதெனக் கூறி, பழைய வேலியைப் பெரிதும் நகர்த்தி வைத்தது.

ஒலிநாடாக்கள் அந்நாட்டுத் தேசிய சுவடிக்கூடத்தின் பொறுப்பில் உள்ளன. பதினெட்டரை நிமிட இரைச்சலுக்குள் மறைந்த பேச்சை மீட்க நிபுணர்கள் முயன்றனர். 2003இல் முயற்சி கைவிடப்பட்டது.