கோவென்ட்ரி குளிரும் எங்க ஊர் மெஸ்ஸியும்

தர்மபுரின்னா வெயில் ஊருன்னுதான் டவுன்ல இருக்குற நிறைய பேரு நினைச்சிருக்கீங்க. மார்கழியில விடியக்காலம் பாலக்கோடு பக்கம் வந்து பாருங்க. மேட்டு நிலம், சுத்தி மலை, பனி கொட்டும். அந்த நேரத்துல ஊருக்கு ஒரு பழைய டிராக்டராவது 'கிர்ர்ர் கிர்ர்ர்'னு செல்ஃப் அடிச்சும் கிளம்பாம நிக்கும். தக்காளி மண்டிக்குப் போகணும், இல்லன்னா ஈரம் காயறதுக்குள்ள உழவு ஓட்டணும். வாடகைக்குச் சொல்லி வெச்சவங்க அடுத்த வண்டிக்குப் போயிடுவாங்க.

இந்தக் காலைத் தொல்லைக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. எங்க காட்டுல ஓடுற மெஸ்ஸிக்கு இன்னிக்கு இருக்குற எஞ்சின் வந்து சேர்ந்ததுல இங்கிலாந்துக் குளிருக்கும் ஒரு பங்கு உண்டு.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க, சுடும். காத்தை அமுக்கினா சூடாகும். ருடால்ஃப் டீசல் என்கிற ஜெர்மானியர் இதை வெச்சுத்தான் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தன் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் வண்டி மாதிரி இதில் தீப்பொறி பிளக் கிடையாது. காத்தைப் பதினஞ்சு, பதினெட்டு மடங்கு அமுக்கினா 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அதில் டீசலைப் பீய்ச்சினா தானா பத்திக்கும்.

குளிர்ல என்ன ஆகுதுன்னா, ஆயில் கெட்டியாகுது, பேட்டரிக்குத் தெம்பு குறையுது. செல்ஃப் மெதுவா சுத்துது. மெதுவா சுத்தினா அமுக்கின காத்து பிஸ்டன் ரிங் ஓரமா கசியும். மிச்சச் சூட்டையும் சில்லுன்னு இருக்குற இரும்பு இழுத்துக்கும். டீசல் பத்தாம வெள்ளைப் புகையா வெளியே வரும்.

இதுக்கு அந்தக் காலத்துல செஞ்ச வைத்தியத்தைக் கேட்டா சிரிப்பு வரும். ஜெர்மனியில் 1921-ல் வந்த லான்ஸ் புல்டாக் டிராக்டருக்கு முன்பக்கம் ஒரு இரும்புக் குமிழ் இருக்கும். அதை ஊதுவிளக்கு வெச்சுப் பழுக்கக் காய்ச்சணும். அப்புறம் ஸ்டியரிங்கையே கழட்டி, பக்கத்துல இருக்குற ஃப்ளைவீலில் செருகிச் சுத்தணும். இங்கிலாந்தில் 1945-ல் வந்த ஃபீல்டு மார்ஷலில், கனலும் காகிதத்தைச் சுருட்டி சிலிண்டர் தலைக்குள்ள திருகி வெச்சிட்டு சுத்துவாங்க. அதுக்கும் மசியலைன்னா துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒண்ணைப் போட்டுச் சுத்தியலால தட்டுவாங்க. அந்த வெடி பிஸ்டனைத் தள்ளி எஞ்சினைக் கிளப்பும்.

இப்ப நம்ம வண்டிக்கு வருவோம். 1956-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஃபெர்குசன் 35 வந்தது. அதன் டீசல் வண்டிக்கு ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் நாலு சிலிண்டர் எஞ்சின். வண்டி நல்ல வண்டிதான், ஆனா குளிர் காலையில் கிளம்பாதுன்னு அங்க இருக்குற விவசாயிங்க மத்தியில பேர் வாங்கிடுச்சு. 1959-ல் மெஸ்ஸி ஃபெர்குசன், எஞ்சின் செய்யும் பெர்க்கின்ஸ் கம்பெனியையே வாங்கியது. அந்த வருஷக் கடைசியில் 35-க்கு பெர்க்கின்ஸின் மூணு சிலிண்டர் எஞ்சின் வந்தது. ஒரு சிலிண்டர் குறைஞ்சாலும் குளிரில் சட்டுன்னு பிடிக்கிற எஞ்சின். கம்பெனி கைமாறினது ஒரு காரணம், குளிர்ல நின்ன விவசாயிங்க போட்ட சத்தம் இன்னொரு காரணம்.

அடுத்த வருஷம், 1960-ல், மெஸ்ஸி ஃபெர்குசனோட சேர்ந்து சென்னையில் டாஃபே தொடங்கியது. அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்ப்சன், பெர்க்கின்ஸ் வழி எஞ்சினைச் சென்னையிலேயே செய்தது. 1840-ல் குதிரை வண்டி கட்ட ஆரம்பிச்ச கம்பெனி அது. அப்படி வந்ததுதான் மெஸ்ஸி 1035. கோவென்ட்ரிக்காரன் நடுங்கி நின்னதுக்குக் கிடைச்ச பதில், நம்ம காட்டுக்கு வந்து சேர்ந்துச்சு.

அப்படின்னா பாலக்கோட்டுப் பனிக்கு அது ஏன் மக்கர் பண்ணுது? இங்கிலாந்துக் குளிர் தண்ணியை உறைய வைக்கும். எங்க குளிர் அதுல கால்வாசி இருக்காது. இங்க பிரச்சனை குளிர் இல்லீங்க, தேய்மானம். ரிங், லைனர் தேஞ்சு, நாசில் ஒழுகி, பேட்டரி கிழமாகி நிக்கிற வண்டி, வெயில்ல எப்படியோ ஓடிடும். மார்கழி வந்ததும் குட்டு வெளிப்பட்டுடும்.

அதுக்கு எங்க ஆளுங்க கண்டுபிடிச்ச வழி, சாயங்காலமே வண்டியை மேட்டுல நிறுத்துறது. காலையில கியர் போட்டு கிளட்சை மிதிச்சிக்கிட்டு இறக்கத்துல உருட்டி, வேகம் பிடிச்சதும் கிளட்சை விட்டா பிடிச்சிக்கும். செலவில்லாத வழி, ஆனா பிரேக் சரியா இருக்கணும், கீழே ஆளு நிக்கக்கூடாது. ரேடியேட்டர்ல வெந்நீர் ஊத்துறதும் உண்டு. சிலர் ஏர் கிளீனர் வாயில மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்திக் காட்டுவாங்க. அது மட்டும் வேணாம். பக்கத்துல டீசல் கசிஞ்சிருந்தா வண்டியோட ஆளும் போயிடுவான்.

என் 1035-க்கும் வயசாச்சு. பையன், "வித்துட்டு லோன்ல புதுசு எடுத்துக்கலாம்பா"ங்கறான். மூணு ஏக்கரை வெச்சிக்கிட்டு அஞ்சு வருஷம் தவணை கட்ட என்னால ஆகாது. பொங்கல் முடிஞ்சதும் எஞ்சினைப் பிரிச்சு லைனர், பிஸ்டன், ரிங் மாத்திடலாம்னு மெக்கானிக்கிட்ட சொல்லிட்டேன். ஒரு போகம் தக்காளிக் காசு அதுல போகும். அதுவரைக்கும் வண்டி மேட்டுலதான் நிக்கும்.