மதுரையில் பிறந்த சிங்கள சினிமா!

சிங்கள மொழியின் முதல் பேசும் படம் எங்கே உருவாச்சு தெரியுமா? கொழும்பில் இல்லைங்க, நம்ம மதுரையில்! எஸ்.எம்.நாயகம் தயாரிக்க, வங்காளியான ஜோதிஷ் சின்ஹா இயக்கிய 'கடவுனு பொரொந்துவ' (உடைந்த வாக்குறுதி) 1947 ஜனவரி 21-ல் வெளியானது. பி.ஏ.டபிள்யூ.ஜயமான்னவின் மினர்வா குழு மேடையில் ஓட்டிய நாடகம்தான் கதை. காதல், கண்ணீர், நடுவில் எடி ஜயமான்னவின் காமெடி, பாட்டு... அப்படியே நம்மூர் ஃபார்முலா!

நாயகி ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ரசம்மா டேனியல்ஸ், கொழும்புச் செட்டி குடும்பத்துப் பெண். பாடவும் செய்வார். 1978-ல் கார் விபத்தில் இறந்தார்.

'இந்தியப் படத்தோட நகல்'னு இந்தப் பாணியை விமர்சகர்கள் அப்புறம் காய்ச்சி எடுத்தாங்க. 1956-ல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ'வுக்காக கேமராவை ஸ்டூடியோவிலிருந்து கிராமத்துக்கே தூக்கிட்டுப் போனது இதுக்கு எதிராத்தான். விமர்சனம் நியாயம்தான். ஆனா, திரையில் முதன்முதலா தன் மொழியைக் கேட்ட ரசிகனுக்கு அது நகலாவா தெரிஞ்சிருக்கும்?

1982-ல் அதே பெயரில் யசபாலித நாணயக்கார ரீமேக் செய்தார். கதையைத் திரும்ப எடுக்கலாம். அந்த முதல் சிலிர்ப்பை எப்படிங்க எடுக்கிறது? இலங்கையில் ஜனவரி 21 இன்னமும் சிங்கள சினிமாவின் பிறந்தநாள்.