லெய்டன், மட்டாஞ்சேரி, கடலூர்: எறிபொருளியலின் ஒரு வரலாறு

ஐரோப்பியரின் கீழைத்தேய வெற்றிகளுக்கு அவர்தம் அறிவியலே காரணம் என்பது பரவலான கருத்து. கொச்சியின் வரலாறு அதனை ஐயுறச் செய்கிறது.

எறிபொருளின் பாதை பரவளையம் என நிறுவிய கலிலியோவின் நூல் 1638-இல் டச்சு நகரமான லெய்டனில் அச்சேறியது. கிடைத்திசையில் மாறா வேகம், செங்குத்துத் திசையில் மாறா முடுக்கம், 45 பாகையில் பெரும வீச்சு என்பன அதன் சாரம். 1662-இல் மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாக்கிய டச்சுப்படை, 1663 ஜனவரியில் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றியது.

ஆயினும் அக்கணிதம் காற்றுத்தடையைப் புறக்கணித்தது. அதிவேகக் குண்டுகளின் பாதை பரவளையத்தினின்று வெகுவாக விலகும். இதனைச் சோதனைகளால் மெய்ப்பித்த பெஞ்சமின் ராபின்ஸின் நூல் வெளிவந்தது 1742-இல்தான். கோட்டை வீழ்ந்தபோது பீரங்கியாளருக்குக் கைகொடுத்தது பட்டறிவே.

ராபின்ஸ் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராகி, 1751-இல் கடலூர்க் கோட்டையில் மறைந்தார். கோட்பாடு பீரங்கிக்கு முன்னே செல்லவில்லை. அதன் பின்னேதான் வந்தது.