சிறு கட்சி பெருங்கட்சியிற் கலந்த வரலாறு

சிற்றாறு பேராற்றிற் கலப்பது இயற்கை. கலக்குமுன் அஃது எத்தனை வயலுக்கு நீர் பாய்ச்சிற்று என்பதே உழவன் கேட்கும் வினா. அரசியலிற் சிறு கட்சியொன்று பெருங்கட்சியோடு சேருங்காலும் நாம் கேட்கவேண்டுவது அவ்வினாவே. இதற்கு நமது நாஞ்சில் நாட்டு வரலாறே தக்க சான்று பகரும்.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்னும் ஸ்தாபனம் நாகர்கோவிலிலே தோன்றியது. பெயரிற் காங்கிரஸ் எனினும், இந்திய தேசிய காங்கிரஸுக்கு அது புறம்பானது. தேர்தற்களத்தில் அதனை எதிர்த்தும் நின்றது. தமிழ்த் தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைதல் வேண்டும் என்பதே அதன் ஒரே நோக்கம். திருவாளர் ஏ. நேசமணி அதன் தலைவராய் விளங்கினார்.

1952ஆம் ஆண்டுத் தேர்தலில், 108 ஸ்தானங்களையுடைய திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டசபையில் இக்கட்சி பெற்றவை 8 மட்டுமே. ஆயினும் பெரும்பான்மையற்ற ஏ.ஜே. ஜான் மந்திரிசபை இவ்வெண்மரின் ஆதரவை நாடவேண்டியதாயிற்று. 1953இல் அவ்வாதரவு விலகவே மந்திரிசபை கவிழ்ந்தது. 1954ஆம் ஆண்டுத் தேர்தலில் எண்மர் பன்னிருவராயினர். அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், பட்டம் தாணுபிள்ளை ஆட்சியில், தக்கலையிலும் புதுக்கடையிலும் துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து உயிர்ப்பலி நேர்ந்தது. முடிவில் இராஜ்யப் புனரமைப்புக் கமிஷனின் சிபாரிசுப்படி, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் 1956 நவம்பர் 1ஆம் நாள் அன்றைய சென்னை இராஜ்யத்தோடு இணைந்தன.

நோக்கம் நிறைவேறிய பின்னரே அக்கட்சி இந்திய தேசிய காங்கிரஸிற் கலந்தது. 1957இல் நேசமணி காங்கிரஸ் சார்பிற் கிள்ளியூரில் வென்று சட்டசபை புகுந்தார். 1962, 1967 தேர்தல்களில் நாகர்கோவிலிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1968இல் அவர் மறைந்தபின், 1969 இடைத்தேர்தலில் காமராஜரே அத்தொகுதியில் நின்று வெற்றி பெற்றார்.

வடமாவட்டங்களில் நிகழ்ந்ததோ வேறு. 1952இல் சென்னைச் சட்டசபையின் 375 ஸ்தானங்களிற் காங்கிரஸ் பெற்றவை 152. 19 ஸ்தானங்கள் பெற்ற உழைப்பாளர் கட்சியும், 6 பெற்ற காமன்வீல் கட்சியும் அதற்கு வேண்டியவையாயின. காமன்வீல் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் இராஜாஜி மந்திரிசபையிலும், உழைப்பாளர் கட்சித் தலைவர் ராமசாமி படையாட்சியார் 1954இல் காமராஜர் மந்திரிசபையிலும் இடம் பெற்றனர். தம் சமூகத்துக்கு ஆட்சியிற் குரல் வேண்டும் என்னும் விருப்பம் குறைகூறத் தக்கதன்று. எனினும், அங்கே பதவியே சேர்க்கையின் பயன். இங்கே பயனுக்குப் பின் சேர்க்கை.

நமக்கும் இழப்பு இல்லாமலில்லை. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. அவற்றின் பொருட்டு ஆதரவை விலக்கி ஆட்சியை அசைக்கவல்ல தனிக்கட்சி பின்னர் இல்லை. கலந்த நீரைப் பிரிக்க ஒண்ணாது.

ஆகவே சங்கத்து அன்பர்களே! நம்மவர் ஒருவர் பெருங்கட்சி புகும்போது மாலையிடுவதும் வசைபாடுவதும் பின்னர் ஆகுக. மக்கள் அவரிடம் ஒப்படைத்த காரியம் முடிந்ததா, முடியாததற்கு யார் பொறுப்பு என்பதை முதற்கண் கேட்பீர்களாக. கட்சிகள் கலையலாம், அவ்வாறு கேட்கும் கடமை சமூகத்தை விட்டு நீங்காது.